வெட்டிய காலை மறுபடி வெட்டப் பணம் கேட்டோம்

கால் இழந்த ஒருவருக்குச் செயற்கைக்கால் வாங்கித் தரப் பணம் திரட்டுவது அவ்வளவு கடினம் இல்லை. கால் இல்லை, கால் வந்தது, நடந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். கேட்டவர் கை தானாகப் பைக்குள் போகும். நாங்கள் கேட்ட பணம் அதற்கல்ல. முழங்காலுக்குக் கீழே ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த காலை மறுபடி திறந்து, எலும்பை இன்னும் கொஞ்சம் அறுத்து, நரம்பையும் தசையையும் சரிசெய்து தைப்பதற்கு. "அதான் கால் இருக்கே, அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே இந்த விஷயத்தில் பாதியை நான் கற்றுக்கொண்டேன்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கம். வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். வேலைக்குப் போனால்தான் கூலி. சாலை விபத்தில் இடது கால் நசுங்கி, உயிரைக் காப்பாற்ற அன்றிரவே வெட்ட வேண்டியதாயிற்று. பிறகு ஓர் அறக்கட்டளை இலவசமாகச் செயற்கைக்கால் செய்து கொடுத்தது. நல்ல கால். ஆனால் அதை மாட்டிக்கொண்டு அவரால் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியவில்லை. கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு ஊன்றுகோலுக்குப் போய்விட்டார். "ரெண்டு கையும் கட்டையில மாட்டிக்கிட்டா டெஸ்டரை எந்தக் கையில பிடிக்கிறது தம்பி?" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள்தான் குறைந்துகொண்டே வந்தார்கள்.

செயற்கைக்கால் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது பாதம். நடக்க முடியுமா முடியாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பதோ மேலே இருக்கிற சாக்கெட். மீதிக்காலை உள்ளே வாங்கிக்கொள்கிற கிண்ணம் அது. முழங்காலுக்குக் கீழே வெட்டியவர்களுக்கு உடல் எடை எலும்பின் நுனியில் இறங்குவதில்லை, இறங்கவும் கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாண், கெண்டைக்கால் சதை, முன்னெலும்பின் பக்கவாட்டு என்று பல இடங்களுக்கு எடையைப் பிரித்துக் கொடுப்பதுதான் சாக்கெட்டின் வேலை. அந்த இடங்களில் இருக்கிற தோல் உள்ளங்கால் தோல் அல்ல. எடை தாங்கிப் பழகியதும் அல்ல. உள்ளே ஒரே ஓர் எலும்பு முனை துருத்திக்கொண்டிருந்தால் போதும், உலகத்திலேயே விலை உயர்ந்த பாதத்தைப் பொருத்தினாலும் அது சுவரோரம்தான் நிற்கும்.

ஊன்றுகோலோடு இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் அணிந்து நடப்பவருக்கு, இரண்டு காலும் உள்ளவரைவிட ஏறத்தாழ கால் பங்கு அதிகச் சக்தி செலவாகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். செயற்கைக்கால் இல்லாமல் ஊன்றுகோலில் மட்டும் நடந்தால் அதையும் தாண்டிச் செலவாகும். இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். மாடி ஏறி இறங்கிப் பிழைக்கிறவருக்கு இது வசதிக்குறைவு என்று சொல்லிக் கடந்துபோகிற விஷயமில்லை.

முதலில் நாங்கள் போனது சர்ஜனிடம் இல்லை, கால் செய்து கொடுத்த டெக்னீஷியனிடம். இந்த வரிசை முக்கியம். சாக்கெட்டைத் திருத்திப் பார்க்காமல் எலும்பைத் திருத்தக் கிளம்பிவிடக் கூடாது. காலை வெட்டிய பிறகு முதல் ஒரு வருடம், ஒன்றரை வருடம் மீதிக்கால் சுருங்கிக்கொண்டே வரும். போன மாதம் கச்சிதமாக இருந்த சாக்கெட் இந்த மாதம் தொளதொளக்கும். கால் உள்ளே இறங்கி அடித்தட்டில் இடிக்கும். அப்படிப்பட்ட வலிக்குக் கூடுதலாக ஒரு சாக்ஸ் போட்டாலே போதும். டெக்னீஷியன் பொறுமையானவர். அண்ணன் வலிக்கிறது என்று காட்டிய இடத்தில் லிப்ஸ்டிக்கைத் தடவி, காலை உள்ளே விட்டு எடுத்து, சாக்கெட்டின் உட்சுவரில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார். அந்த இடத்தைச் சூடுபடுத்தி வெளியே தள்ளினார். காலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் போடுகிற மெத்தென்ற உறையான லைனரை மாற்றினார். கொஞ்ச நாள் பரவாயில்லை, பிறகு பழைய கதை. ஒரு கட்டத்தில் அவரே சொன்னார்: "சார், கிண்ணத்துல குறை இல்ல. உள்ள இருக்கறதத்தான் பாக்கணும். டாக்டர்கிட்ட போங்க."

சர்ஜன் பார்த்த விதம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. மீதிக்காலின் வெளிப்பக்கம் ஒரு விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு புள்ளியில் தட்டியதும் அண்ணன் துள்ளிவிட்டார். "எங்க தெரியுது?" என்றார் டாக்டர். "சுண்டுவிரல்ல." அந்த விரல் போய் எவ்வளவோ காலமாகிறது. வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இருக்காது, மறுபடி வளரப் பார்க்கும். போய்ச் சேர இடம் கிடைக்காததால் சுருண்டு சின்ன முடிச்சாகிவிடும். நியூரோமா என்பது அதுதான். சாக்கெட் அதை அழுத்தும்போதெல்லாம் இல்லாத விரலில் ஷாக் அடிக்கும். டாக்டர் அந்தப் புள்ளியில் மரத்துப்போகிற ஊசி போட்டு, காலை மாட்டி நடக்கச் சொன்னார். பாதி வலி காணாமல் போயிருந்தது. மருந்தின் வேகம் தீர்ந்ததும் வலி திரும்பிவிட்டது. ஆனால் எது வலிக்குக் காரணம், எது இல்லை என்று அந்தச் சில மணி நேரம் காட்டிக்கொடுத்தது.

மீதிப் பாதி வலி எக்ஸ்ரேயில் இருந்தது. கீழ்க்காலில் இரண்டு எலும்பு. தடித்த முன்னெலும்பு ஒன்று, அதன் பக்கத்தில் மெலிந்த வெளியெலும்பு ஒன்று. நிதானமாகச் செய்கிற அறுவையில் மெலிந்ததை மற்றதைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குட்டையாக வெட்டுவார்கள். முன்னெலும்பின் கூர்முனையைச் சரிவாகச் சீவி, அரத்தால் மழுக்கிவிடுவார்கள். அண்ணனுக்கு இரண்டும் சரிசமமாக நின்றன. முன்முனை கூராகவே இருந்தது. முனையை மூட வேண்டிய தசை பின்பக்கம் ஒதுங்கி, எலும்புக்கு மேலே தோல் மட்டும் ஒட்டிக்கிடந்தது. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ரத்தம் போய்க்கொண்டிருக்கிறவரை மேசையில் கிடத்தி நள்ளிரவில் செய்த அறுவை அது. உயிர்தான் முதலில், நடை எல்லாம் பிறகுதான். அந்தப் 'பிறகு' வரும்போது செலவு யாருடையது என்பதுதான் சிக்கல்.

செய்ய வேண்டியது இதுதான் என்று டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். வெளியெலும்பைக் குட்டையாக்க வேண்டும், முன்முனையைச் சீவ வேண்டும், எலும்பில் துளையிட்டுத் தசையை அதன்மேல் இழுத்துக் கட்ட வேண்டும், நியூரோமாவை எடுத்துவிட்டு நரம்பின் முனையைப் பக்கத்துத் தசைக்குப் போகிற ஒரு சின்ன நரம்போடு தைத்துவிட வேண்டும். கடைசியாகச் சொன்னதற்கு டார்கெட்டட் மசில் ரீஇன்னர்வேஷன் என்று பெயர். டிஎம்ஆர் என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 2002இல் சிகாகோவில் டாட் கைக்கனும் கிரெகரி டுமானியனும் இதை முதலில் செய்தது மின்சாரச் செயற்கைக்கையை எண்ணத்தால் இயக்குவதற்காக. போக இடம் கிடைத்த நரம்பு முடிச்சாகச் சுருள்வது குறைகிறது, வலியும் குறைகிறது என்பது பின்னால் தெரியவந்தது. இப்போது வலிக்காகவே செய்கிறார்கள். வேறொரு டாக்டரிடமும் காட்டினோம். அவரும் ஏறக்குறைய இதையே சொன்னார். டிஎம்ஆர் மட்டும் எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள், கேட்டுப் பாருங்கள் என்றார்.

இதற்கிடையில் உறவினர் ஒருவர் வீடியோ அனுப்பினார். தொடை எலும்புக்குள் உலோகக் கம்பியைப் பொருத்தி, அதிலேயே நேராகச் செயற்கைக்காலை மாட்டுகிற முறை. "சாக்கெட்டே வேண்டாமாம், இதைப் பண்ணலாமே." ஆசை காட்டுகிற விஷயம்தான். டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதை 1950களில் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானமார்க் கண்டறிந்தார். 1965இல் அதைப் பல் பொருத்தப் பயன்படுத்தினார். 1990இல் ஸ்வீடனிலேயே தொடையில் வெட்டுண்ட ஒருவருக்கு அதே முறையைக் காலுக்குக் கொண்டுவந்தார்கள். முழங்காலுக்கு மேலே வெட்டியவர்களுக்கான, ஓப்ரா என்று பெயரிட்ட அந்த அமைப்புக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அமெரிக்காவின் எஃப்டிஏ முழு அனுமதி கொடுத்தது 2020 டிசம்பரில். சாக்கெட் எந்த விதத்திலும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் கம்பி தோலைத் துளைத்து வெளியே வருகிறது. அந்த வாய் ஆயுள் முழுக்க ஆறாமல் திறந்தே இருக்கும். தினமும் சுத்தம் செய்ய வேண்டும், தொற்று வந்தால் உடனே ஓட வேண்டும், பழக்கப்பட்ட மருத்துவக் குழு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஏழைக்கு அறுவையைவிட அதற்குப் பிந்தைய கவனிப்புதான் எட்டாக்கனி. அண்ணனின் முழங்கால் நன்றாக இருந்தது. மீதிக்கால் ஒழுங்கானால் சாக்கெட்டே போதும். உறவினருக்கு இதை விளக்கியபோது, "செலவுக்கு பயந்துதானே சொல்றீங்க?" என்றார். செலவும் ஒரு காரணம்தான், அதை ஏன் மறைக்க வேண்டும்?

சரி, பணத்துக்கு வருவோம்.

மருத்துவமனை கொடுத்த எஸ்டிமேட் ஒரே பக்கம். சர்ஜன், மயக்க மருந்து, தியேட்டர், வார்டு, மருந்து, அப்புறம் "மற்றவை" என்று ஒரு வரி. அந்த வரியைத்தான் முதலில் கேட்க வேண்டும். எதெல்லாம் மற்றவை? புண் ஆறாமல் மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் இதில் அடங்குமா, தனியா? கூடுதலாக ஒருநாள் படுத்தால் எவ்வளவு? எழுதித் தருவார்களா? பில்லிங் கவுண்டரில் முகம் சுளித்தார்கள். ஆனால் கேட்டுக்கொண்டே நின்றதில் "மற்றவை" இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தேவையில்லை என்றும் ஆனது.

அந்த எஸ்டிமேட்டை மட்டும் வைத்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்பியிருந்தால் பாதி வழியில் நின்றிருப்போம். அண்ணியும் நானும் உட்கார்ந்து வேறொரு பட்டியல் போட்டோம். ஆபரேஷன் முடிந்து புண் ஆறும் வரை, பிறகு வீக்கம் வடிந்து புதுச் சாக்கெட் வரும் வரை, வீட்டில் வருமானம் இல்லை. அந்த மாதங்களின் வாடகை. கட்டு மாற்றப் போகிற ஆட்டோ. பிசியோதெரபி. வீக்கத்தை அடக்குகிற இறுக்கமான உறை. பழைய சாக்கெட் இனி ஆகாது, ஏனென்றால் காலின் வடிவமே மாறிவிடும். ஆகவே புதிது ஒன்று. கால் மேலும் சுருங்கும் என்பதால் வருடத்துக்குள் இன்னொன்று. லைனர் ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். செயற்கைக்காலே மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டியதுதான். எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆபரேஷன் பில் மொத்தத்தில் பாதிகூட இல்லை. அண்ணி பேனாவை வைத்துவிட்டு, "இவ்வளவு கேட்டா யார் தருவாங்க?" என்றார்.

அதனால் கேட்பதற்கு முன்னால் குறைத்தோம். மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்தோம். வருமானச் சான்று கொடுத்தால் கட்டணத்தில் ஒரு பகுதி தள்ளுபடி ஆகும் என்பது பில்லிங் கவுண்டரில் யாரும் சொல்லாத செய்தி. சர்ஜன் தன் கட்டணத்தை விட்டுக்கொடுத்தார். முதல் காலைச் செய்த அறக்கட்டளை, அறுவைக்குப் பின் புதுச் சாக்கெட்டையும் தாங்களே செய்து தருவதாக எழுத்தில் கொடுத்தது. பட்டியலில் பெரிய வரி ஒன்று அப்படியே அடிபட்டது. பல காப்பீடுகள் அறுவைக்குப் பணம் தரும், செயற்கைக்காலுக்கு உச்சவரம்பு வைக்கும், இல்லாவிட்டால் கையை விரித்துவிடும். எந்தச் செலவை எந்த வாசலில் கேட்பது என்று பிரித்துக்கொண்டால்தான் பொதுமக்களிடம் கேட்க வேண்டிய தொகை சுருங்கும்.

இலவசக் கால்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இலவசம் என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 1960களின் கடைசியில் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி.கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், சம்மணமிட்டு உட்காரவும் குந்தவும் வெறுங்காலோடு நடக்கவும் தோதாக ரப்பரில் செய்யப்பட்டது. 1975 முதல் பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி என்ற தொண்டு அமைப்பு அதை இலவசமாகவே பொருத்திவருகிறது. சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் கால் செய்யும் முறையை உருவாக்கிப் போர் நடந்த நாடுகளில் பரப்பியது. மலிவு விலைக் காலின் தொழில்நுட்பம் என்றோ தேறிவிட்டது. அந்தக் காலைத் தாங்க வேண்டிய உடம்பைச் சரிசெய்கிற செலவுக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2022இல் வெளியிட்ட அறிக்கை, ஏதாவது ஓர் உதவிக்கருவி தேவைப்படுகிறவர்கள் 250 கோடிக்கு மேல் என்கிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 90 சதவீதம் வரை பெறுகிறார்கள். சில ஏழை நாடுகளில் 3 சதவீதம் மட்டுமே. ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, நடமாட்டத்துக்கான உதவி கட்டுப்படியாகிற செலவில் கிடைக்க வேண்டும் என்கிறது. உலகத்தில் பெரும்பாலான நாடுகள் கையெழுத்திட்டாயிற்று. நாம் இன்னும் துண்டேந்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

துண்டேந்துவதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. இணைய நிதிதிரட்டல் பற்றி லாரன் பெர்லினரும் நோரா கென்வொர்த்தியும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கோஃபண்ட்மீ தளத்தில் வந்த 200 மருத்துவ வேண்டுகோள்களை எடுத்துப் பார்த்ததில், கேட்ட தொகையை எட்டியவை பத்தில் ஒன்றுதான். எழுதத் தெரிந்தவர், பழக்கவழக்கம் உள்ளவர், சுலபமாகப் புரிகிற நோய் உள்ளவர் முன்னால் போய்விடுகிறார். சிக்கலான நோய், நீண்ட செலவு, பேசத் தெரியாத குடும்பம் பின்னால் தங்கிவிடுகிறது. வெட்டிய காலை மறுபடி வெட்டுவது என்பது சிக்கலான கதையிலேயே சிக்கலானது. ஆகவே முன்பின் தெரியாத ஆயிரம் பேரை நம்பாமல், தெரிந்த நூறு பேரிடம் நேராகப் பேசுவது என்று முடிவெடுத்தோம்.

வேண்டுகோளில் போட ஒரு படம் வேண்டும் என்றார்கள் நண்பர்கள். மீதிக்காலின் படம் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அழுகிற படமும் வேண்டாம். "என் பொண்ணு ஸ்கூல்ல எல்லார் கையிலயும் போன் இருக்கு" என்றார். அதற்கு மேல் என்ன பேச? அவர் சம்மதத்தோடு எக்ஸ்ரேயைப் போட்டோம், பெயரை மறைத்து. கூராக நிற்கிற எலும்புக்கு ஒரு வட்டம், குட்டையாக இருந்திருக்க வேண்டிய எலும்புக்கு ஒரு அம்புக்குறி. கீழே இரண்டே பத்தி. ஏன் கால் இருந்தும் நடக்க முடியவில்லை, என்ன செய்யப் போகிறார்கள், இதுவரை எவ்வளவு குறைத்திருக்கிறோம், இன்னும் எவ்வளவு வேண்டும், எதற்கு எவ்வளவு, மிஞ்சினால் என்ன செய்வோம். பரிதாபத்தைக் கிளறாத வேண்டுகோளுக்குப் பணம் வராது என்று ஒருவர் எச்சரித்தார். வந்தது. மெதுவாகத்தான், ஆனால் எஸ்டிமேட்டைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டவர்களிடமிருந்து வந்தது. கேள்வி கேட்டவர்கள் அநேகமாக இரண்டாம் முறையும் கொடுத்தார்கள்.

ஆபரேஷனுக்கான தொகையை மருத்துவமனைக் கணக்குக்கே நேராகக் கட்டச் சொன்னோம். வாடகைக்கும் ஆட்டோவுக்குமான தொகை மட்டும் அண்ணியின் கணக்குக்கு. அதற்கு நான் கணக்கு கேட்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் மகளுக்குச் செருப்பு வாங்கினால் அது முறைகேடு ஆகாது. மருத்துவச் செலவுக்கு ரசீது கேட்கலாம். ஒரு குடும்பம் அந்த மாதம் எப்படிச் சாப்பிட்டது என்பதற்கு ரசீது கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போகவில்லை.

ஒத்துப்போகாத இன்னொரு விஷயம் சிகரெட். அண்ணன் பிடிப்பார். சர்ஜன் கறாராகச் சொல்லிவிட்டார்: நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், தையல் போட்ட தோலுக்கு ரத்தம் போதாது, புண் பிரியும். அறுவைக்குக் குறைந்தது நாலு வாரம் முன்னாலிருந்தே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தேதி கிடையாது. இது எப்படியோ வெளியே கசிந்து, பணம் கொடுத்த ஒருவர், "சிகரெட்டுக்குக் காசு இருக்கு, ஆபரேஷனுக்கு இல்லையா?" என்று எழுதினார். கோபம் வந்தது எனக்கு. அண்ணனுக்கு வரவில்லை. "அவர் கேக்கறதுல தப்பில்ல தம்பி. ஆனா வலி வர்ற ராத்திரி அவர் இங்க இல்லையே" என்றார். பிறகு நிறுத்தினார், தடுமாறினார், மறுபடி நிறுத்தினார். தேதி ஒருமுறை தள்ளிப்போனது. ஏழை ஒருவர் உதவி கேட்டதும் அவருடைய சட்டைப்பையைச் சோதனை போடுகிற உரிமை நமக்கு வந்துவிடுகிறது என்று எப்படியோ நம்பிவிடுகிறோம். டாக்டர் வைத்த நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. கொடுத்தவர் கேட்ட கேள்விக்கு என்ன காரணம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பின் வந்த வாரங்கள்தான் கஷ்டம். காலுக்கு இதமாக முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்க எல்லோருக்கும் கை நீளும், கூடவே கூடாது. மடங்கிய நிலையிலேயே மூட்டு இறுகிவிட்டால் எந்தச் சாக்கெட்டும் உதவாது. தினமும் குப்புறப் படுக்க வேண்டும், முழங்காலை நீட்டியே வைக்க வேண்டும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் பாசத்தோடு தலையணையைச் செருக, அண்ணி அதை உருவி எடுப்பதையே வேலையாக வைத்திருந்தார். இல்லாத பாதம் முறுக்கிக்கொள்கிற வலி இரவில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரு கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, நல்ல காலின் பிம்பத்தைப் பார்த்தபடி விரல்களை மெல்ல விரித்து மடக்கச் சொன்னார். மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் முன்வைத்த முறை அது. எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. அண்ணனுக்கு ஓரளவு பலித்தது. முதல்முறை செய்தபோது பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நகம் வெட்டணும்" என்றார். எங்கள் பட்டியலிலேயே மலிவான ஐட்டம் அந்தக் கண்ணாடிதான்.

புண் ஆறி, வீக்கம் வடிந்து, மாவுக்கட்டில் அளவெடுத்து, புதுச் சாக்கெட் வந்தது. முதல் நாள் ஐந்து நிமிடம் மாட்டிக் கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவப்பு சற்று நேரத்தில் மறைந்தால் சரி, மறையாவிட்டால் டெக்னீஷியனிடம் போக வேண்டும். பத்து நிமிடம், கால் மணி, அரைமணி என்று நீட்டினார்கள். வலி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஷாக் அடிப்பது நின்றுவிட்டது. குளிர்நாளில் கொஞ்சம் இழுக்கிறது என்கிறார். இப்போது வேலைக்குப் போகிறார். உயரமான ஏணி ஏறுவதில்லை, அதற்கு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்விட்ச் போர்டு, பிளக் பாயின்ட், மீட்டர் வேலை எல்லாம் அவரே பார்க்கிறார். கையில் டெஸ்டர் இருக்கிறது.

கேட்ட தொகை சேர்ந்த அன்றே வேண்டுகோளை எடுத்துவிடச் சொன்னார், எடுத்துவிட்டோம். மிஞ்சியது ஏற்கெனவே சொன்னபடி லைனர் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கில் இப்போது ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவரும் கொஞ்சம் போடுகிறார். சுருங்கிய காலுக்கு இரண்டாவது சாக்கெட் செய்யும் நேரம் நெருங்குகிறது. பணம் இருக்கிறது. அவருடைய கவலை வேறு: "அந்த டெக்னீஷியன் வேலை மாறிப் போகப் போறாராம் தம்பி. புதுசா வர்றவருக்கு என் காலைப் பத்தி மொதல்லேர்ந்து சொல்லணும். நீ ஒரு தடவ வந்து பேசிப் பாரேன், அளவு எடுத்துக் குடுத்துட்டாவது போகச் சொல்லு."